பிரிந்ததால் இல்லை, பிரிந்தும்

ஞாயிற்றுக்கிழமை சமூக மன்றத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். வந்தவர்களுக்கு விஷயம் தெரியும். வராதவர்களுக்கும் அந்த வீடியோ துண்டு வந்து சேர்ந்திருக்கும், அதில் கடைசியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு திருதிருவென விழிக்கிற கிழவன் நான்தான். சிரித்தவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தன்முனைப்புப் பேச்சாளர், "சிங்கப்பூரைப் பாருங்கள், 1965ல் மலேசியாவை விட்டு வந்தது, பறந்தது, விட்டு வருகிற எந்த நாடும் இப்படித்தான் பறக்கும்" என்று சொன்னபோது அரங்கமே கைதட்டியதே, அதுதான் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

சிங்கப்பூர் பிரிந்ததால் பிழைக்கவில்லை ஐயா. பிரிந்தும் பிழைத்தது. மழையில் நனைந்தும் காய்ச்சல் வராத ஒருத்தனைக் காட்டி, நனைவது உடம்புக்கு நல்லது என்று ஊருக்கெல்லாம் சொல்லலாமா?

பறக்கப் போகிறவர் ஏன் அழுதார் என்று யாரும் கேட்கவில்லை. 1965 ஆகஸ்ட் 9, பிரிவை அறிவித்த நாள், பிரதமர் லீ குவான் இயூ தொலைக்காட்சியில் பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபது லட்சம் பேர்கூட இல்லாத தீவு, குடிக்கிற தண்ணீருக்கே அக்கரையில் இருக்கும் மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தை நம்பியிருந்த தீவு. 1963ல் மலேசியாவில் சேர்ந்ததே பொதுச் சந்தை கிடைக்கும், இங்கே செய்கிற சாமானை அங்கே விற்கலாம் என்றுதான். அந்தச் சந்தை வரவே இல்லை, வருவதற்குள் கதவு சாத்தியாயிற்று. மனுஷன் அழாமல் என்ன செய்வார்?

அப்புறம் எப்படிப் பிழைத்தோம்? பாதிக் கதை பிரிவதற்கு முந்தியது. ஆல்பர்ட் வின்செமியஸ் என்ற டச்சுக்காரர் ஐ.நா. குழுவோடு வந்து தொழில் திட்டம் எழுதிக் கொடுத்தது, முதலீட்டைக் கொண்டுவர அரசாங்கம் அமைத்த பொருளியல் வளர்ச்சிக் கழகம் 1961ல் வந்தது, தொழிற்பேட்டைக்காக ஜூரோங் சதுப்பில் மண் கொட்டத் தொடங்கியது எல்லாம் மலேசியாவில் சேர்வதற்கே முன்னால். துறைமுகம் அதற்கும் நூறு வருஷம் மூத்தது. மீதிக் கதை, ஒரு சந்தை போனதும் உலகச் சந்தைக்கு ஓடியது. அமெரிக்க கம்பெனிகளைக் கூப்பிட்டு வந்து சிப்பு தயாரிக்க வைத்தார்கள். இந்த வட்டாரத்தில் வேறு யாரும் துணியாதபோது தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் கட்டி 1972ல் திறந்தார்கள். பிரிந்த பிறகு கதவை இன்னும் அகலமாகத் திறந்த நாட்டைக் காட்டி, கதவைச் சாத்தினால் வளரலாம் என்கிறார் இவர்!

எங்கள் அப்பா செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளமான நேவல் பேஸில் வேலை பார்த்தவர். 1968 ஜனவரியில் பிரிட்டிஷ்காரன் படையை எடுத்துக்கொண்டு போகப் போகிறான் என்று செய்தி வந்தது. நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்த முகாம்களால் வந்த காலம். எனக்கு அப்போது ஆறு வயது. அம்மா மைலோ டின்னில் இருந்த சில்லறையைப் பாயில் கொட்டி, ஐந்து காசைத் தனியாக, பத்துக் காசைத் தனியாக அடுக்கியது கண்ணிலேயே இருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து அம்மா விடியற்காலையில் வடை சுட்டுக் கொடுத்தார், நான் தூக்குச்சட்டியில் கொண்டுபோய்க் குவார்ட்டர்ஸ் வாசல்களில் விற்றேன். அதே வருஷக் கடைசியில் தளத்தின் கப்பல் பட்டறை செம்பவாங் ஷிப்யார்டு ஆனது, அப்பாவுக்கு வேலை தங்கியது, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தங்கவில்லை. "நாடு பறந்தது" என்று சொல்கிறவர்கள் இந்த நான்கைந்து வருஷத்தை ஒரே எட்டில் தாண்டிவிடுகிறார்கள்.

தெரியும், உடனே வருவீர்கள். "நிதியமைச்சராக இருந்த கோ கெங் சுவீயே பிரிவுதான் நல்லது என்று நினைத்தாரே?" நினைத்தார், சரி. கோலாலம்பூரில் இருந்த மத்திய அரசாங்கம் நம் வரி வருவாயில் நாற்பது விழுக்காடு போதாது, அறுபது வேண்டும் என்று கேட்டது, 1964ல் இனக் கலவரம் நடந்தது, ஒன்றாக இருப்பதே நரகம் ஆகியிருந்தது. சேர்ந்தே இருந்திருந்தால் இவ்வளவு வளர்ந்திருப்போமா என்றால், அநேகமாக இல்லை. ஒத்துக்கொள்கிறேன், போதுமா? ஆனால் ஒரு வீட்டில் விவாகரத்து சரியான முடிவு என்பதால் தெருவில் எல்லோரும் விவாகரத்து செய்யுங்கள் என்று மேடை போட்டுச் சொல்வீர்களா?

"பிரிட்டன்?" என்பீர்கள். அங்கேயும் தேம்ஸ் கரையில் ஒரு சிங்கப்பூர் என்று பேசினார்கள். 2020 ஜனவரி 31ல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டார்கள், சுங்கத் தாள் நிரப்பியே சின்னக் கடைக்காரன் ஓய்ந்து போனான். தென் சூடான் 2011ல் பிரிந்தது, எண்ணெயில் பெரும்பங்கு அவர்களிடம், குழாய் போவது வடக்கே சூடான் வழியாக, மறு வருஷமே சண்டை முற்றி உற்பத்தியை நிறுத்தினார்கள், 2013ல் உள்நாட்டுப் போர். ஸ்லோவேனியா நன்றாக இருக்கிறதே என்று ஒரு தம்பி அங்கேயே கேட்டார். இருக்கிறது தம்பி, யூகோஸ்லாவியாவை விட்டு வந்து அதைவிடப் பெரிய ஒன்றியத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இதைத்தான் அன்றைக்கு எழுந்து கேட்க நினைத்தேன். பாதியிலேயே அவர் சிரித்துக்கொண்டே, "ஐயா, நீங்க அந்தப் பக்கத்து ஆளா?" என்றார், மலேசியாக்காரனா என்று அர்த்தம். அரங்கம் சிரித்தது. பேச்சுக்கு நடுவே மடக் மடக்கென்று குடித்தாரே, அந்தத் தண்ணீரிலும் ஜோகூர் ஆறு கலந்திருக்கும், 1962 ஒப்பந்தப்படி 2061 வரை வரும். அதை அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

நான் இங்கே பிறந்தவன். இரண்டரை வருஷம் தேசிய சேவை செய்தவன், ஈசூனில் அரசாங்க வீவக வீடு, மத்திய சேமநிதி எல்லாம் இருக்கிறது. எங்கள் அத்தை ஜோகூரில் கூலாய் தோட்டத்தில் இருந்தார். அப்பா அதுவரை சட்டைப்பையில் பத்து வெள்ளியோடு பஸ் ஏறி அக்காவைப் பார்த்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். 1967ல் இரண்டு நாட்டையும் இணைக்கும் கடற்பாலத்தில் பாஸ்போர்ட் வந்தது. அத்தைக்கு அங்கே சிவப்பு ஐ.சி., அதாவது நிரந்தரவாசி அடையாள அட்டை மட்டும்தான், குடியுரிமை இல்லை, சாகும்வரை கிடைக்கவும் இல்லை. கூடப் பிறந்த இரண்டு பேர், இரண்டு நாடு, அதிலும் ஒருத்திக்கு நாடே இல்லை. பொருளாதார வளர்ச்சி பற்றிப் பேசினால் இதையெல்லாம் எந்த வரிசையில் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கத்து ஆளா என்று கேட்டால் ஆமாம், பாதி அந்தப் பக்கம்தான், அதற்கு என்ன இப்போது?

கைதட்டியவர்களில் என் பழைய நண்பர்கள் நான்கு பேர் இருந்தார்கள். பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும்.

இந்தச் சனிக்கிழமை கூலாயில் அத்தை பேத்தி மகளுக்குக் காதுகுத்து. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் வரிசை எப்படி நிற்கும் என்று தெரியும், காலை நாலரைக்கே கிளம்புகிறேன். காரில் இரண்டு இடம் காலி, அந்த நான்கு பேரில் யாராவது வருவதானால் வெள்ளி ராத்திரிக்குள் போன் போடுங்கள்.