காப்பி அடிச்சது யாரு மச்சான்?

போன மாதம் மனைவியின் தம்பி மதுரையிலிருந்து ஒசாகா வந்திருந்தான். கோட்டை, கடைத்தெரு எல்லாம் காட்டியாயிற்று. கடைசி நாள் நல்ல மழை. நகானோஷிமாவில் இருக்கும் கீழைப் பீங்கான் அருங்காட்சியகத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். (எனக்குப் பிடித்த இடம். மழை ஒரு சாக்கு.) ஒரு மணி நேரம் பொறுமையாகச் சுற்றிவிட்டு, வெளியே வந்து குடையை விரித்துக்கொண்டே கேட்டான்: "நல்ல சாமான் பூராவும் சீனாக்காரனும் கொரியாக்காரனும் செஞ்சது. ஜப்பான்காரன் என்னதான் பண்ணான் மச்சான்? பாத்துக் காப்பி அடிச்சானா?"

அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. அவன் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் கேள்வி மட்டும் போகவில்லை. அதுதான் இந்த நீளப் பதிவு.

முதல் பாதி உண்மைதான். அந்த அருங்காட்சியகத்தின் உயிரே அதாகா சேகரிப்பு என்கிற ஏறத்தாழ ஆயிரம் சீன, கொரியக் கலங்கள்தான். சேகரித்த வணிக நிறுவனம் நொடித்துப்போக, சுமிதோமோ குழுமம் அதை ஒசாகா நகரத்துக்குக் கொடுத்து, 1982இல் திறந்தார்கள். அங்கே செலடன் என்கிற பச்சைநிறக் கலங்களை இயற்கை வெளிச்சத்தில் பார்க்க ஓர் அறை உண்டு. அன்றைக்கு மழை மேகம் விலகி விலகி மூடியதில், வாழைக்குருத்து நிறத்தில் இருந்த கிண்ணம் ஒரு நிமிடத்தில் சாம்பல் கலந்த நீலமாகிவிட்டு, திரும்பவும் குருத்துக்கு வந்தது. மச்சான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தான்.

செலடன் என்றால் பச்சைச் சாயம் பூசியது என்று நினைத்துவிட வேண்டாம். கண்ணாடிபோல் படியும் பூச்சில் ஒன்றிரண்டு சதவீதம் இரும்பு இருக்கும். சூளைக்குள் காற்றைக் குறைத்து 1200 டிகிரிக்கு மேல் எரித்தால் அந்த இரும்பு பச்சையாகத் தெரியும். காற்று கொஞ்சம் கூடுதலாகப் புகுந்தால் அதே பூச்சு மஞ்சளாகவோ பழுப்பாகவோ வந்து நிற்கும். பூச்சு எவ்வளவு கனமோ அவ்வளவு ஆழம் நிறத்துக்கு. அதனால் மேலே மேலே பல தடவை பூசுவார்கள். கனம் கூடினால் வழியும், வெடிக்கும். சீனாவில் சோங் வம்சக் காலத்தில் (10 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை) இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். தெற்கே லோங்சுவான் சூளைகளின் சரக்கு கடல் கடந்து போகாத துறைமுகம் இல்லை. நம் ராமநாதபுரம் பெரியபட்டினத்தில்கூட அந்த ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றை ஆராய்ந்து எழுதியவர் ஒரு ஜப்பானியர், தமிழ்க் கல்வெட்டு அறிஞர் நொபோரு கராஷிமா.

தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இப்படி ஒரு லோங்சுவான் கிண்ணம் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஷோகன் அஷிகாகா யோஷிமசாவிடம் இருந்தபோது அதில் விரிசல் விட்டது. இதேபோல் இன்னொன்று வேண்டும் என்று அதையே சீனாவுக்கு அனுப்பினார் என்று கதை. அங்கே மிங் ஆட்சி. "இப்படி ஒன்று இப்போது செய்ய ஆளில்லை" என்று விரிசலுக்கு இரும்புத் தையல் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தையல்கள் வெட்டுக்கிளி மாதிரித் தெரிகின்றன என்று அதற்கு அப்படியே ஒரு பெயரும் வைத்தார்கள்: பாகோஹன்.

மச்சானுக்கு நான் சொல்ல விரும்புவது இங்கேதான் தொடங்குகிறது. செய்த ஊரிலேயே சில நூற்றாண்டுகளில் கைவிட்டுப்போன வேலை இது. பரீட்சையில் காப்பி அடிக்கப் பக்கத்தில் ஒரு விடைத்தாள் வேண்டும். இருபதாம் நூற்றாண்டு ஜப்பானியக் குயவரிடம் இருந்தது கடைசி வரி விடை மட்டும். கணக்கைப் போட்ட வழி எதுவும் தாளில் இல்லை.

இஷிகுரோ முனேமரோவை எடுத்துக்கொள்ளுங்கள். இருபதுகளில் இருந்தபோது தென்மோகு வகைச் சீனக் கிண்ணம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். கறுப்புப் பூச்சுக்குள் நீலப் புள்ளிகள் மின்னும் வகை. அந்த மாதிரி முழுசாக இருப்பவை மூன்றே மூன்று, மூன்றும் ஜப்பானில், மூன்றும் தேசியப் பொக்கிஷம். பார்த்த நாளிலிருந்து ஆள் குயவராகிவிட்டார். குருவென்று யாரும் இல்லை. அவர் பிடித்த இன்னொன்று, சீனத்து ஜிசோவ் சூளையின் இலைக் கிண்ணம். சின்ன வயதில் அரச இலையைப் புத்தகத்துக்குள் வைத்து, நரம்பு மட்டும் வலையாக மிஞ்சுகிறதா என்று தினமும் திறந்து பார்ப்போமே, அதை நெருப்பில் செய்வதுபோல. கறுப்புப் பூச்சின்மேல் நிஜ இலையை வைத்துச் சுட்டால் இலை சாம்பலாகி, அந்தச் சாம்பல் பூச்சை உருக்கி, நரம்போடு இலையின் உரு அங்கேயே தங்கிவிடும். சொல்ல ஒரு வரிதான். எந்த இலை, எந்தப் பதம், எந்தச் சூடு என்று அவரே தேடிப் பிடித்தார். 1955இல் ஜப்பான் அரசு மட்பாண்டக் கலையில் முதன்முதலாக 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்று அறிவித்த நால்வரில் அவர் ஒருவர்.

இந்த மாதிரி வேலைக்கு அங்கே உத்சுஷி என்று பெயர். பழைய கலத்தை எதிரில் வைத்துக்கொண்டு அதன்படி வனைவது. நானும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றில் ஒரு வருடம் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சாதாரணச் செலடன் கிண்ணம், அளவெடுத்து அப்படியே வனைந்தேன். சுட்டு வந்தபோது கைப்பிள்ளை மாதிரி சுருங்கிப்போய் நின்றது. களிமண் காய்வதிலும் சுடுவதிலுமாகப் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் சுருங்கும் என்று வகுப்பில் சொன்னது ஞாபகம் இருந்தது, கைக்குத்தான் தெரியவில்லை. வாத்தியார் என் கிண்ணத்தின் நிறத்தைப் பார்க்கவே இல்லை. கவிழ்த்து அடிவட்டத்தைப் பார்த்தார், அதைச் சீவின இடத்தில் விரலை ஓட்டினார், வைத்துவிட்டார். வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் சீவும்போது என் கை நடுங்கியது.

அப்படியானால் காப்பியே கிடையாதா என்று கேட்டால், உண்டு. கவாய் கன்ஜிரோ 1921இல் தோக்கியோவில் முதல் கண்காட்சி வைத்தார். சீன, கொரியப் பாணிகள் எல்லாம் அவர் கையில் பிசகில்லாமல் வந்தன, மேதை என்று கொண்டாடினார்கள். கவாய்க்கு மட்டும் அதில் மனம் நிற்கவில்லை. நாட்டுப்புறக் கைவினை அறிஞர் யனாகி சோஎத்சு திரட்டி வைத்த கொரிய வீட்டுப் பாண்டங்களைப் பார்த்து ஆடிப்போய்விட்டார். கொஞ்ச காலத்தில் பழைய பாணியை விட்டார், கலத்தில் பெயர் பொறிப்பதையும் விட்டார். பிற்பாடு அந்தத் தேசியப் பொக்கிஷப் பட்டம் தேடி வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் 'ஏய்னின்' ஜாடி. ஏய்னின் என்கிற பழைய ஜப்பானிய ஆண்டுக்கணக்கில், 1294ஆம் வருடத்துக்குரிய தேதி பொறித்த ஜாடி என்று 1959இல் அரசு அதை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அடுத்த வருடம் குயவர் கதோ தோகுரோவின் மகன் மினேயோ, அது நான் செய்தது என்றார். பிறகு தோகுரோ, இல்லை நான் செய்தது என்றார். 1961இல் அறிவிப்பு ரத்து. பரிந்துரைத்த அறிஞர் கோயாமா புஜியோ பதவியை விட்டார். அப்புறம் அவரே சக்கரத்தில் உட்கார்ந்து வனைய ஆரம்பித்தது தனிக் கதை.

என்னைக் கேட்டால் காப்பிக்கும் உத்சுஷிக்கும் நடுவில் இருப்பது அந்தப் பொய்த் தேதி ஒன்றுதான். அதே மினேயோ பிற்பாடு ஒகாபே என்று குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டு, சோங் அரசவைச் செலடனைப் பின்பற்றி வனைந்தார். பூச்சு முழுக்க அடுக்கடுக்காக விரிசல், பனிக்கட்டிக்குள் எட்டிப் பார்ப்பதுபோல. சீனத்துப் பழைய கலத்தின் பக்கத்தில் வைத்தால் இது வேறு கை என்று தெரிந்துவிடும். எனக்குப் பிடித்த ஜப்பானியச் செலடன் அவருடையதுதான்.

மச்சான் கேட்டதில் கொரியாவைப் பற்றிய பகுதிக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். 1592 முதல் 1598 வரை நடந்த படையெடுப்பில் கொரியக் குயவர்களைக் குடும்பம் குடும்பமாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அரிதா, ஹாகி, சத்சுமா என்று இன்று பெயர் பெற்ற சூளைகள் அவர்கள் கையால் எழுந்தவை. கியோத்தோவின் தைதோகுஜி கோயிலில் இருக்கும் 'கிசாஎமோன் இதோ' என்கிற தேநீர்க் கிண்ணம், யாரோ ஒரு கொரியக் குயவர் செய்தது. அவர் பெயர் யாருக்கும் தெரியாது. கிண்ணத்தின் பெயரில் இருக்கும் 'கிசாஎமோன்' அதை வைத்திருந்த வியாபாரியின் பெயர். அதன் அடியில் பூச்சு சுருண்டு முத்து முத்தாக நிற்கும். தானாக நேர்ந்த அந்தக் கோளாறை இன்று திட்டம் போட்டு வரவழைத்து விற்கிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஊருக்குப் புறப்படும்போது மச்சான் சமையலறை அலமாரியிலிருந்து என் சுருங்கின கிண்ணத்தை எடுத்தான். "இது எதைப் பாத்துப் பண்ணது மச்சான்?" என்றான். சொன்னேன். கவிழ்த்து அடியைப் பார்த்தான், எங்கே கற்றானோ. எதுவும் சொல்லாமல் இரண்டு சட்டைக்கு நடுவில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டான். நேற்று அத்தை வீடியோ காலில் காட்டினார்கள். மாவடு போட்டு வைத்திருக்கிறார்கள்.