தெர்மாகோல் பலகை கொடை விழாவுக்குப் போதுமா?

‘தெர்மாகோல் பலகையின் நட்டநடுவில் எக்ஸைட்டரை (ஒட்டிய பரப்பை அதிரவைத்து ஒலி எழுப்பும் சிறு கருவி) ஒட்டினால் போதும், கோயில் கொடைக்குப் பெட்டி ஒலிபெருக்கியே வேண்டாம்’ என்று திருநெல்வேலி வட்டாரத்தில் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

பலகை முழுவதும் வளைந்து அதிர்வதால் பேச்சும் நாதசுரமும் அகலமாகப் பரவித் தெளிவாகக் கேட்கும். அது உண்மைதான். ஆனால் பலகையின் முன்புறமும் பின்புறமும் காற்றை எதிரெதிராகத் தள்ளுகின்றன. தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. வில்லிசைக் குடத்தின் கும்மென்ற முழக்கம் அதில் எழவே எழாது. நட்டநடுவும் பொருந்தாத இடம்: பல அதிர்வு வகைகளுக்கு அங்கே அசைவே இல்லை. நீளத்தில் ஐந்தில் இரண்டு, அகலத்தில் ஒன்பதில் நான்கு பங்கில் ஒட்டுங்கள்.

வீட்டுக் கூடத்தில் தாராளமாகச் செய்து பாருங்கள். பந்தலின் சூடான விளக்குகளுக்கு அருகே மட்டும் வேண்டவே வேண்டாம். தெர்மாகோல் எளிதில் தீப்பிடிக்கும்.