வரிசையாக நின்று செத்தவர்கள் முட்டாள்களா?

வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிக்கொண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரைப் (1861-65) பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ஒருவர் தவறாமல் கேட்பார்: "தூரத்திலிருந்தே ஆளை வீழ்த்தும் ரைஃபிளைக் கையில் வைத்துக்கொண்டு தோளோடு தோள் உரச நின்றார்களே, அந்தத் தளபதிகளுக்கு மூளை இருந்ததா?" நான் பேராசிரியன் அல்ல, வேலை போக மிஞ்சிய நேரத்தில் இந்தப் போரைப் படிக்கிறவன். ஆனாலும் இந்தக் கேள்வியின் மிதப்பு எனக்கு எரிச்சலூட்டுகிறது.

முதலில் துப்பாக்கியைப் பார்ப்போம். 1861 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளில் 500 கஜம் வரை குறிபார்க்க வழி இருந்தது. ஆனால் அதன் கனமான குண்டு மெதுவாக, வளைந்து செல்லும். 300 கஜத்துக்குக் குறிவைத்தால், பாதி வழியில் நிற்பவனின் தலைக்கு மேலேயே போய்விடும். தூரத்தைச் சரியாகக் கணிக்கப் பயிற்சி வேண்டும். பெரும்பாலான ரெஜிமெண்டுகளில் அந்தப் பயிற்சி இல்லை. சில முறை சுட்டதும் கருமருந்துப் புகை கண்ணை மறைத்துவிடும். அதனால் சண்டை பெரும்பாலும் 100 கஜத்தை ஒட்டியே நடந்தது என்று பின்வந்த ஆய்வாளர்கள் பலர் காட்டியிருக்கிறார்கள்.

வரிசை எதற்கு? கட்டளை போய்ச்சேர்வதற்கு. குரல், முரசு, ஊதுகொம்பு, கொடி இவற்றைத்தான் பெரும்பாலும் நம்ப வேண்டும். கலைந்து காட்டுக்குள் போன படை திரும்பக் கையில் கிடைக்காது. வீரர்களில் பெரும்பகுதி உழவர் வீட்டுப் பிள்ளைகள். பல இடங்களில் அதிகாரிகளையும் அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த அதிகாரிகள் ஹார்டி என்ற ராணுவ அதிகாரி எழுதிய பயிற்சிக் கையேட்டைப் படித்துப் படித்தே பயிற்சி கொடுத்தார்கள். ஹார்டி தெற்கின் பக்கம் போய்விட்டார்; வடக்கும் அவர் புத்தகத்தையே புரட்டிக்கொண்டிருந்தது!

துப்பாக்கிக்கு மருந்திடுவதும் எளிதல்ல. காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டைக் குச்சியால் இடித்து இறக்கி, தீபாவளித் துப்பாக்கிக்கு வைப்பதுபோல் ஒரு கேப் வைக்க வேண்டும். 1863 கெட்டிஸ்பர்க் சண்டைக்குப் பின் களத்தில் பொறுக்கிய சுமார் 27,000 துப்பாக்கிகளில் ஏறத்தாழ 24,000 மருந்திட்டபடியே கிடந்தன. பலவற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு, மூன்று குண்டுகள். ஒன்றில் 23 என்று பதிவு. கொல்ல மனமில்லாமல் சுடுவதுபோல் நடித்தார்கள் என்று இதற்கு விளக்கம் சொல்வோர் உண்டு. நான் ஏற்கவில்லை. அந்த இரைச்சலில் தன் துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்றே தெரியாமல், நடுங்கும் கைகள் பழகிய வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கும்.

தளபதிகளுக்கு வக்காலத்து வாங்கவில்லை. 1862 டிசம்பர் 13 அன்று ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் எதிரிகள் பதுங்கியிருந்த ஒரு கல்சுவரை நோக்கிப் படைப்பிரிவுகளை அடுத்தடுத்து அனுப்பிக்கொண்டிருந்த வடக்குத் தளபதி பர்ன்சைடை நான் மன்னிக்கத் தயாரில்லை. பாடத்தை வேகமாகக் கற்றவன் சாதாரணச் சிப்பாய்தான். 1864இல் நின்ற இடத்தில் உத்தரவுக்குக் காத்திராமல் மண்ணைத் தோண்டத் தொடங்கிவிட்டான். மண்வெட்டி கிடைக்காதவன் தகரத் தட்டால் தோண்டினான்.

அந்த மண்சுவரை எப்படி உடைப்பது? விடை தேடியவர் எமரி அப்டன் என்ற 24 வயது வடக்குக் கர்னல். 1864 மே 10, வர்ஜீனியாவின் ஸ்பாட்சில்வேனியா. 12 ரெஜிமெண்டுகள், சுமார் 5,000 பேர், நான்கு வரிசைகள். எல்லோர் துப்பாக்கியிலும் மருந்து உண்டு. அதை வெடிக்கவைக்கும் கேப் முன்வரிசைக்கு மட்டும். நடுவில் நின்று சுடும் ஆசையே வரக்கூடாது என்பதற்காக! புகுந்தார்கள், உடைத்தார்கள். துணைப்படை வந்துசேரவில்லை, பின்வாங்கினார்கள்.

இரண்டே நாளில் வடக்கின் தலைமைத் தளபதி கிராண்ட் அதையே சுமார் 20,000 பேரைக் கொண்டு செய்தார். அரண் உடைந்தது, ஏறத்தாழ 3,000 பேர் சிறைப்பட்டார்கள். பிறகு உள்ளே புகுந்த படை வெறும் கூட்டமாகிவிட்டது. கொட்டும் மழையில் இருபது மணிநேரம் போல கைகலப்பு. 22 அங்குலத் தடிமனுள்ள ஓக் மரம் ஒன்று துப்பாக்கிக் குண்டுகளாலேயே அறுந்து விழுந்தது. தளபதிகளுக்கு மூளையில்லை என்பவர்கள் இதற்கு ஒரு வழி சொல்லட்டும்: வயர்லெஸ் இல்லாத காலத்தில், அந்தச் சேற்றிலும் புகையிலும் சிதறிக் கிடந்த 20,000 பேருக்கு அடுத்த கட்டளையை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது?