காசு வாங்காதவருக்கும் அதே தண்டனையா?

சூதுப் பேச்சில் இருந்தார் என்று அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் பக் வீவருக்கு, அந்த ஆட்டத்தின் ஆணையராக இருந்த நீதிபதி லாண்டிஸ் ஆயுள் தடை போட்டது அநியாயம் என்பதுதான் என் கட்சி. வீவர் ஒன்றும் அறியாத அப்பாவி என்று சொல்ல வரவில்லை.

1912 முதல் 1920 வரை சிகாகோ வைட் சாக்ஸ் பேஸ்பால் அணிக்கு ஆடியவர் வீவர். ஃபீல்டிங்கில் நின்ற இடம் முதலில் ஷார்ட்ஸ்டாப், பிறகு தேர்ட் பேஸ். பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடுவதில் கில்லாடியான டை காப் கூட இவர் பக்கம் தட்டத் தயங்குவார் என்று ஒரு கதை உண்டு.

1919 உலகத் தொடரில் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) சூதாடிகளிடம் காசு வாங்கிக்கொண்டு சின்சினாட்டி ரெட்ஸிடம் தோற்பது என்று சக ஆட்டக்காரர்கள் பேசியபோது வீவரும் கூட இருந்தார். ஆனால் காசு வாங்கவில்லை. 8 ஆட்டங்களில் 11 ஹிட், பேட்டிங் சராசரி .324, ஃபீல்டிங்கில் ஒரு பிழை கிடையாது. (எண்களை மட்டும் வைத்து வாதாட முடியாது. அதே அணியின் ஜோ ஜாக்சன் .375 அடித்தார், 5,000 டாலரும் வாங்கினார்.)

விஷயம் நீதிமன்றம் போனது; 1921 ஆகஸ்ட் 2 அன்று ஜூரி ஆட்டக்காரர்களை விடுதலை செய்தது. மறுநாளே ஆணையர் லாண்டிஸ் வீவர், ஜாக்சன் உட்பட வைட் சாக்ஸ் ஆட்டக்காரர்கள் எட்டுப் பேருக்கும் ஆயுள் தடை போட்டார். சூதுப் பேச்சில் உட்கார்ந்துவிட்டு உடனே அணியிடம் சொல்லாதவனுக்கும் இனி இடமில்லை என்றார். வீவரைக் குறிவைத்த வரி அது.

சரி, சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1918-இல் ரெட்ஸ் மேலாளர் கிறிஸ்டி மேத்யூசன், ஃபர்ஸ்ட் பேஸ் ஆடிய ஹால் சேஸ் வேண்டுமென்றே மோசமாக ஆடுகிறார் என்று இடைநீக்கமே செய்தார். லீக் விசாரித்தது, 1919 தொடக்கத்தில் சேஸ் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டது. அதே ஆண்டு நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியில் ஜாம் ஜாம் என்று ஆடினார். ஒரு மேலாளர் சொல்லியே எடுபடாத காலத்தில், கூட ஆடுகிறவர்களைக் காட்டிக்கொடு என்று ஒரு ஆட்டக்காரரிடம் எதிர்பார்ப்பதா? வைட் சாக்ஸ் முதலாளி காமிஸ்கியின் காதுக்கும் தொடர் நடக்கும்போதே சந்தேகம் எட்டியிருந்தது. அவர் கடைசிவரை முதலாளியாகவே இருந்தார்.

வாய் மூடி இருந்ததற்கு ஓராண்டு, ஈராண்டு தடை போட்டிருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். காசை எண்ணி வாங்கியவருக்கும் வாங்காதவருக்கும் ஒரே தண்டனை என்றால், வாங்காமல் இருந்ததற்கு மதிப்பே இல்லை என்றுதானே ஆகிறது?

வீவர் திரும்பத் திரும்ப மனு போட்டார். எதுவும் நடக்கவில்லை. 1956 ஜனவரியில் சிகாகோ தெருவில் மாரடைப்பால் இறந்தார். 2025 மே மாதம் இன்றைய ஆணையர் ராப் மான்ஃப்ரெட், இறந்துபோனவர்களின் தடைகளை ஒட்டுமொத்தமாக நீக்கினார். இறந்தவரால் ஆட்டத்தின் நேர்மைக்கு ஆபத்தில்லை என்பது அவர் சொன்ன காரணம். அதிலும் வீவருக்கும் காசு வாங்கியவர்களுக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை.