அங்கிள், என் அப்பாவின் படத்தை எடுத்துவிடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை நம் குன்னூர் குழுவில் வந்த அந்தப் படத்தைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். ராணுவ யூனிட்டின் மந்திர், அதாவது கோயில் முன்னால் வெறுங்காலோடு நிற்கும் என் அப்பா. மேலே ஒரு வரி: "இவரும் கிறிஸ்தவர்தான். இவருக்கு வராத பிரச்சினை அந்த லெப்டினன்டுக்கு மட்டும் ஏன் வந்தது?" ரெஜிமெண்ட் கோயிலின் கருவறைக்குள் போக மறுத்து வேலையிழந்த லெப்டினன்ட் சாமுவேல் கமலேசனைத்தான் சொல்கிறார்கள். படத்தைப் போட்டவர் ராணுவத்தில் அப்பாவோடு ஒரே கம்பெனியில் இருந்தவர். சின்ன வயதில் என்னைத் தோளில் உட்கார வைத்து வெலிங்டன் கேன்டீனுக்குக் கூட்டிப்போனவர். போன் பண்ணிக் கேட்டேன், எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா கோயிலுக்குள் போனது அவருடைய முடிவு. அதை வைத்து இன்னொருவரை அடிக்க யாருக்கும் உரிமை கிடையாது. இறந்துபோனவர் வந்து மறுத்துப் பேச முடியாது என்பதால் அவர் மகள் பேசுகிறேன்.

அந்த லெப்டினன்ட் 2017-இல் 3-வது கேவல்ரி என்ற டாங்கிப் படைப்பிரிவில் சேர்ந்தவர். தன் ரெஜிமெண்டில் மந்திரும் குருத்வாராவும்தான் இருந்தன, எல்லா மதத்தாருக்குமான சர்வ தர்ம ஸ்தலம் இல்லை என்பது அவர் வாதம். வாராவாரம் தன் ஆட்களோடு அணிவகுத்துப் போயிருக்கிறார். ஷூவையும் பெல்ட்டையும் கழற்றிவிட்டு முற்றம் வரை போய் நின்றிருக்கிறார். பூஜை நடக்கும் கருவறைக்குள் மட்டும் வர மாட்டேன் என்றார். 2021 மார்ச்சில் பென்ஷன், கிராஜுவிட்டி எதுவும் இல்லாமல் வெளியே அனுப்பிவிட்டார்கள். 2025 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றமும், நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அது சரிதான் என்று சொல்லிவிட்டன.

ராணுவம் என்றால் கட்டளை, உனக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். தெரியும். பனிமூட்டத்துக்குள் மதராஸ் ரெஜிமெண்ட் ரெக்ரூட்டுகள் "வீர மதராஸி, அடி கொல்லு" என்று கத்தும் சத்தத்தில் கண் விழித்து வளர்ந்தவள் நான். படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க அரசியல் சட்டத்தின் 33-ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது என்பதும் தெரியும். தன் ஆட்கள் கும்பிடும் இடத்தில் அதிகாரி விலகி நின்றால் அவர்கள் மனதில் ஒரு நெருடல் வரும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கார்கிலில் வெறுங்காலோடு பாறை ஏறிப் போய் உயிரைக் கொடுத்த கேப்டன் கெங்குரூஸே நாகாலாந்துக் கிறிஸ்தவர். அவர் சண்டை போட்ட ராஜ்புதானா ரைஃபிள்ஸின் போர் முழக்கம் "ராஜா ராமச்சந்திர கீ ஜெய்". இதையெல்லாம் நினைத்தால் எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் மனமுவந்து கொடுத்ததை அடுத்தவனிடம் பிடுங்கி வாங்கலாமா?

முஸ்லிமாக இருந்தாலும் இப்படித்தான் எழுதுவாயா என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். எழுதுவேன் அண்ணா. தாடி வைக்க அனுமதி கேட்ட விமானப்படை வீரர் 2016-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றபோதும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

கேரளாவில் மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், விசுவாசத்தின் காரணமாகப் பாடவில்லை. பள்ளிக்கூடம் வெளியே அனுப்பியது. 1986-இல் இதே உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகள் பக்கம் நின்றது. பள்ளிக்கூடமும் பட்டாளமும் ஒன்றில்லை, சரி. ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் நின்றவர் யாரை அவமதித்தார்? அதை மட்டும் எனக்கு யாராவது சொல்லுங்கள்.

அந்த லெப்டினன்டிடம் ஒரு போதகரே உள்ளே போகலாம் என்றாராமே என்கிறீர்கள். அது அந்தப் போதகரின் மனசாட்சி. வேதத்தில் இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது. நேபுகாத்நேச்சார் நிறுத்திய பொற்சிலையை வணங்க மாட்டோம் என்று அக்கினிச் சூளைக்குப் போன மூன்று வாலிபர்கள் இருக்கிறார்கள். நாகமானும் இருக்கிறான். அவனும் பட்டாளத்துக்காரன்தான், சீரியா ராஜாவின் படைத்தலைவன். என் ராஜா என் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோவிலில் பணியும்போது நானும் பணிய வேண்டியிருக்கும், கர்த்தர் அதை மன்னிப்பாராக என்று எலிசாவிடம் கேட்கிறான். எலிசா அவனைத் திட்டவில்லை. "சமாதானத்தோடே போ" என்றுதான் சொன்னார். யாரும் நாகமானைக் காட்டி அந்த மூன்று பேரையும் சூளையில் தள்ளவில்லை.

ஏழெட்டு வயதில் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன், மந்திருக்குப் போனால் நம் ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று. திண்ணையில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பிரஷ் நிற்கவில்லை. "பசங்ககூட இருக்கணும்மா. நான் கடைசி வரிசையில நின்னு, கண்ண மூடி, 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' சொல்லிட்டு வந்துடுவேன்" என்றார். அல்வா கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுவார். கிறிஸ்துமஸுக்கு அதே பசங்கள் எங்கள் வீட்டில் கேக் சாப்பிட்டார்கள், அங்கிள் நீங்களும்தான். அவர்கள் யாரையும் அப்பா ஜெபத்துக்கு முழங்கால் போடச் சொன்னதே இல்லை. உங்களையும் சொன்னதில்லை.

அப்பா போன பிறகு, நம்பர் எழுதிய அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ஸ்வெட்டருக்கு அடியில் அவருடைய பழைய வேதாகமம். இரண்டாம் இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரம், நாகமான் மன்னிப்புக் கேட்கும் பதினெட்டாம் வசனம். அதன் ஓரத்தில் பென்சில் கோடு. ஒரு கோடு இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தடவை போட்டது. தாள் அந்த இடத்தில் பள்ளமாகி, பின்பக்கம் தடவினால் விரலில் தட்டுகிறது.

இவருக்குப் பிரச்சினையே வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியும் அங்கிள்? இத்தனை வருஷம் கூட வாழ்ந்த எங்களுக்கே தெரியவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன். அதற்கு முன்னால் படத்தை எடுத்துவிடுங்கள்.