நாளைக்கு எந்த மலை?

வெள்ளிக்கிழமை எங்கள் மென்பொருள் குழுவுக்கு ஸ்பிரிண்ட் ரிவியூ, அதாவது ஒரு ஸ்பிரிண்டில் (இரண்டு வாரச் சுற்றில்) செய்த வேலையைக் காட்டும் கூட்டம். இலங்கை மலையகத்து அட்டனில் வீட்டிலிருந்தே வேலை. மழை பிடித்தால் சிக்னல் போய்விடும், அதனால் குசினி ஜன்னலோரம்தான் என் ஆபீஸ். ஒன்றரை மணித்தியாலம் ஸ்லைடு ஓடியது. எல்லா வேலைக்கும் 'சரி' என்று பச்சை நிறம். கிளையன்ட் "வெரி குட்" என்றார், கலைந்தோம். தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "இவ்வளவு நேரம் பேசினீங்களேடா, நாளைக்கு எந்த மலைன்னு முடிவாச்சா?"

அம்மா முப்பது வருசம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போனால், எந்த மலையில் (தோட்டத்தின் எந்தப் பகுதியில்) பறிப்பது என்று தெரியாமல் யாரும் கிளம்பமாட்டார்கள். மழைக்குக் கொழுந்து திமுதிமுவென்று வந்துவிட்டால் பறிக்கும் சுற்றையே மாற்றுவார்கள், பிந்தினால் இலை முற்றிவிடும்.

எங்களுக்கு ஒன்றும் முடிவாகவில்லை. நாங்கள் கட்டும் ரிப்போர்ட் பகுதியைப் பயன்படுத்துபவர்கள் யாரும் தொடுவதில்லை என்று இரண்டு ஸ்பிரிண்டுக்கு முன்பே தெரியும். எனக்கும் தெரியும், நானும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் ஒரு மாத உழைப்பு போய்விட்டது.

எங்கள் வேலை முறைக்குப் பெயர் ஸ்க்ரம், அதன் கையேட்டைத் திறந்து பாருங்கள். ரிவியூ என்பது வேலை செய்யும் அமர்வு, வெறும் பிரசன்டேஷனோடு நிற்கக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. செய்ததைப் பார்த்து அடுத்து எதை மாற்றுவது என்று முடிவெடுக்கத்தான் அது. இலக்கு செல்லாக்காசாகிவிட்டால் ஸ்பிரிண்டை நடுவிலேயே நிறுத்தலாம். அந்த அதிகாரம், எந்த வேலை முக்கியம் என்று தீர்மானிக்கும் ப்ராடக்ட் ஓனர் ஒருவருக்குத்தான். எங்கள் ப்ராடக்ட் ஓனர் ரிவியூவுக்கு வருவதே இல்லை, "மினிட்ஸ் அனுப்புங்க" என்பார். பிறகு யார்தான் நிறுத்துவது?

அப்புறம் எங்கள் ஸ்லைடில் வரும் அந்த "90 சதவீதம் முடிந்தது". தோட்டத்தில் சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். ஸ்க்ரமில் அரைப்பேரும் கிடையாது. 'முடிந்தது' என்பதற்கு வைத்த வரையறையை எட்டாத வேலையை ரிவியூவில் காட்டவே கூடாது. நாங்கள் அதற்கும் பச்சை அடிக்கிறோம்.

தோட்டத்து நிறுவையைப் புகழ்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஈர இலை என்று கிலோக்கணக்கில் கழித்ததை அம்மா இன்றைக்கும் நினைத்து நினைத்துத் திட்டுவார். தராசுக்காரன் சொன்னதுதான் கணக்கு, அம்மா வாய் திறக்க முடியாது. எங்களுக்கு வாய் திறக்க இடமிருக்கிறது. அப்படியிருந்தும் ஸ்லைடு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த ரிவியூ இரண்டு வாரத்தில். முதல் ஸ்லைடில் ஒரே கேள்வி வைத்திருக்கிறேன்: ரிப்போர்ட் பகுதியைத் தொடர்வதா, கைவிடுவதா? ப்ராடக்ட் ஓனருக்குத் தனியாக மெசேஜும் போட்டாயிற்று. "பார்ப்போம்" என்று பதில் வந்திருக்கிறது.