முதல்ல டயர், அப்புறம்தான் லிஃப்ட் கிட்

மஹிந்திரா தார் ஜீப் வாங்குனதும் மொத வேலையா வண்டிய ஒசத்துற லிஃப்ட் கிட் போடுங்கன்னு கட்டுரைல எழுதியிருக்கீங்க, அத என்னால ஒத்துக்க முடியல சார். 2020ல வந்த புது தார்லயே தரைக்கும் வண்டி அடிப்பாகத்துக்கும் நடுவுல 226 மி.மீ. இடைவெளி (கிரவுண்ட் கிளியரன்ஸ்) இருக்கு, நம்மூர் காட்டுப்பாதைக்கு அது தாராளம். ரோடு, மண்ணு ரெண்டுக்கும் ஆகுற நல்ல ஏ.டி. (ஆல் டெரெய்ன்) டயரும் காத்தடிக்க ஒரு சின்ன கம்ப்ரசரும் வாங்குங்க மொதல்ல. போன வருசம் தூத்துக்குடி பக்கம் தேரிக்காட்டு செம்மணல்ல ஆக்சில் வரைக்கும் புதைஞ்சு நின்னேன், சக்கரத்துக்கு முன்னாடி மணல கையால தோண்டி எடுத்துட்டு நாலு டயர்லயும் காத்த 16 பிஎஸ்ஐக்கு இறக்கி இழுவை கூடுற லோ ரேஞ்ச் கியர்ல போட்டு ரிவர்ஸ் எடுத்தேன், பொறுமையா ஏறி வந்துருச்சு.

அப்புறம் டோயிங் ஹூக் பத்தி ஒரே வரில முடிச்சிட்டீங்க. டிரெய்லர் மாட்டுற அந்த உருண்டை பால்ல பெல்ட்ட மாட்டி புதைஞ்ச வண்டிய தயவுசெஞ்சு யாரும் இழுக்காதீங்க. அது சீரா இழுக்கத்தான், ஜெர்க் விழுந்தா உடைஞ்சு பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும், ஆஸ்திரேலியால இதுல உயிரே போயிருக்கு. புதைஞ்ச வண்டிய இழுக்குறதுக்குன்னே சேஸிஸோட போல்ட் பண்ண ரெக்கவரி பாயின்ட்ல சேக்கிள் (பெல்ட்ட கோக்குற வளையம்) போட்டு மாட்டுங்க, பெல்ட் அறுந்தா துள்ளாம இருக்க நடுவுல ஒரு ஈரச்சாக்கு போட்டுட்டு சுத்தி நிக்கிறவங்கள தூரமா போகச்சொல்லுங்க, குறிப்பா வீடியோ எடுக்குற பசங்கள.